கட்டுரைக்கு முன்னும் பின்னும்: சிங்கப்பூரில் சமூக அறிவியல் ஆய்வை வெளியிட ஒரு முழுமையான வழிகாட்டி

கள ஆய்வை முடித்துக் கட்டுரை எழுதி, நல்ல ஆய்விதழ் ஒன்றுக்கு அனுப்பி, மதிப்பாய்வாளர்கள் பதிலுக்குக் காத்திருந்து, இரண்டு மூன்று சுற்றுத் திருத்தத்துக்குப் பிறகு அச்சில் பார்ப்பது. ஒரு தலைமுறைக்கு முந்தைய சமூக அறிவியல் ஆய்வாளருக்கு வெளியீடு என்றால் அவ்வளவுதான். இன்று அதே ஆய்விலிருந்து முன்பதிவு (ஆய்வுத் திட்டத்தை முன்கூட்டியே பதிவது), முன்வெளியீடு (மதிப்பாய்வுக்குக் காத்திராமல் இணையத்தில் இடும் வரைவு), இதழ்க் கட்டுரை, பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் ஒரு பிரதி, தரவுத் தொகுப்பு, கணினி நிரல், நாளிதழில் ஒரு கருத்துரை என்று பல உருப்படிகள் வெளியே போகின்றன. ஒவ்வொன்றுக்கும் தனி விதி, தனி நேரம், தனி உரிமம்.

சிங்கப்பூரில் சமூகவியல், அரசியல், பொருளியல், கல்வி, ஊடகம், புவியியல் போன்ற துறைகளில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கும், அல்லது ஆய்வு உதவியாளராகவோ இளம் விரிவுரையாளராகவோ வேலை பார்க்கும் தமிழர்களுக்காக இதை எழுதுகிறேன். அதிலும் தமிழ் பேசும் மக்களைப் பற்றி ஆய்வு செய்கிறவர்களுக்கு. அவர்களுக்குச் சில கூடுதல் சிக்கல்கள் உண்டு, பொதுவான வழிகாட்டிகளில் அவை வருவதில்லை.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எதை, எப்போது, எங்கே வெளியிடுவது என்ற முடிவுகளைக் கட்டுரை எழுதி முடித்த பிறகு எடுக்கப் பார்த்தால் பாதி வழிகள் ஏற்கெனவே அடைபட்டிருக்கும். முதல் பேட்டியில் நீட்டிய சம்மதப் படிவமே தரவின் எதிர்காலத்தைத் தீர்மானித்திருக்கும். பதிப்பகத்துக்குக் கையெழுத்திட்ட ஒப்பந்தம் தமிழாக்கத்தின் எதிர்காலத்தைத் தீர்மானித்திருக்கும். அதனால் இந்த வழிகாட்டி கால வரிசையில் போகிறது.

பழக்கம் ஏன் மாறியது

மூன்று அழுத்தங்கள். முதலாவது தாமதம். பொருளியலின் முன்னணி இதழ்களில் கட்டுரை அனுப்பி ஏற்கப்படும்வரை ஆகும் காலம் 1970களின் தொடக்கத்தில் 6 முதல் 9 மாதமாக இருந்தது. 1990களின் முடிவில் 20 முதல் 24 மாதமாக நீண்டுவிட்டது என்று கிளென் எலிசன் 2002இல் காட்டினார். பொருளியலாளர்கள் அதற்குள் காத்திருப்பதை விட்டுவிட்டு, பணித்தாள் வடிவிலேயே படிக்கவும் மேற்கோள் காட்டவும் பழகியிருந்தார்கள். அத்தகைய பணித்தாள்களை இடும் எஸ்எஸ்ஆர்என் தளம் 1994இல் தொடங்கியது. 2016இல் எல்சேவியர் என்ற பெரிய பதிப்பகம் அதை வாங்கியதும் பலருக்குப் பிடிக்கவில்லை. அதே ஆண்டில் சமூகவியலாளர் ஃபிலிப் கோஹன் முன்னின்று சோஷ்ஆர்க்கைவ் என்ற முன்வெளியீட்டுத் தளத்தைத் தொடங்கினார்.

இரண்டாவது நம்பிக்கைச் சிக்கல். 2011இல் நெதர்லாந்தின் சமூக உளவியலாளர் டீடரிக் ஸ்டாபெல் தரவைக் கற்பனையாக உருவாக்கியது அம்பலமாகி, 50க்கும் மேற்பட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. 2015இல் 100 உளவியல் ஆய்வுகளை மறுபடி செய்து பார்த்த ஒரு கூட்டு முயற்சியில், மூல ஆய்வுகளில் 97 விழுக்காட்டில் இருந்த புள்ளியியல் முக்கியத்துவம் மறு ஆய்வுகளில் 36 விழுக்காட்டில்தான் கிடைத்தது. மூன்றாவது பணம் கொடுப்பவர்களின் நெருக்குதல். பொதுப் பணத்தில் நடந்த ஆய்வைப் பொதுமக்கள் காசு கட்டிப் படிப்பது என்ன நியாயம் என்ற கேள்விக்கு 2018இல் ஐரோப்பாவில், ஆய்வுக்கு நிதி தரும் அமைப்புகளின் 'பிளான் எஸ்' என்ற திறந்த அணுகல் திட்டம் வந்தது. 2022இல் அமெரிக்க வெள்ளை மாளிகையின் அறிவியல் அலுவலகமும், வெளியான கட்டுரையை இலவசமாகத் திறந்துவிடக் காத்திருப்புக் காலமே கூடாது என்று சுற்றறிக்கை விட்டது.

சிங்கப்பூரில் மாற்றம் சற்று அமைதியாகவே வந்தது. பொது நல்கைகளின் (ஆய்வு நிதிகளின்) நிபந்தனைகளில், ஏற்கப்பட்ட கட்டுரையைக் களஞ்சியத்தில் இட்டு, வெளியான 12 மாதங்களுக்குள் எல்லாரும் படிக்கத் திறந்துவிட வேண்டும் என்ற விதியைப் பார்க்கலாம். ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கங்களில் இருக்கும் அந்தப் பத்தியைப் பலர் படிப்பதேயில்லை.

படி 1: களத்துக்குப் போகுமுன் சம்மதப் படிவம்

இந்த ஒரு படியை மட்டும் ஒழுங்காகச் செய்தாலே மற்றவற்றில் பாதி தானாக நேராகிவிடும்.

பல்கலைக்கழகத்தின் ஆய்வு நெறிமுறைக் குழுவுக்கு அனுப்பும் படிவங்களில் ஒரு பழைய வாக்கியம் மாதிரிக்கு மாதிரி நகலெடுக்கப்பட்டு வருகிறது: 'இந்தத் தரவை ஆய்வுக் குழுவினர் மட்டுமே பார்ப்பார்கள், குறிப்பிட்ட ஆண்டுகளுக்குப் பின் அழித்துவிடுவோம்.' பங்கேற்பவருக்குப் பாதுகாப்பாகத் தெரியும். ஆனால் இந்த வரியில் கையெழுத்து வாங்கிய பிறகு, பெயர் நீக்கிய எழுத்துப்படியைக்கூட நீங்கள் எங்கேயும் இட முடியாது. பின்னாளில் ஓர் இதழ் 'தரவைக் காட்டுங்கள்' என்று கேட்டால் கையை விரிக்க வேண்டியதுதான்.

அதற்குப் பதிலாக, அனுமதியைத் தனித்தனிக் கேள்விகளாகப் பிரியுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஆம், இல்லை என்று தனிக் கட்டம். தமிழில் இப்படி இருக்கலாம்:

'என் பெயரும் நான் வேலை செய்யும் நிறுவனத்தின் பெயரும் இல்லாமல், நான் சொன்னதைக் கட்டுரையில் எழுதலாம்.'

'பெயர்கள் நீக்கிய பேட்டியின் எழுத்துப்படியை, அனுமதி பெற்ற மற்ற ஆய்வாளர்கள் படிக்கலாம்.'

'பெயர்கள் நீக்கிய எழுத்துப்படியை இணையத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கும்படி வெளியிடலாம்.'

'என் குரல் பதிவை எழுத்தாக்கிய பின் அழித்துவிட வேண்டும்.'

மூன்றாவது கேள்விக்கு 'இல்லை' என்று டிக் விழுந்தால் வருத்தப்படாதீர்கள். இரண்டாவதுக்கு 'ஆம்' கிடைத்தாலே பெரிய விஷயம். எந்தத் தேதிவரை 'என் பேட்டியை எடுத்துவிடுங்கள்' என்று கேட்கலாம் என்பதையும் படிவத்திலேயே போடுங்கள். முன்வெளியீடு இணையத்தில் ஏறிய பிறகு எதையும் முழுதாகத் திரும்பப் பெற முடியாது என்பதை அவர்களுக்கு வாயால் சொல்லிப் புரியவைக்க வேண்டும்.

வெளிநாட்டு ஊழியர்களிடம் பேட்டி எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் நண்பர்களுடன் உட்கார்ந்திருக்கும் ஒருவரிடம் நான்கு பக்கத் தாளை நீட்டினால், படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிடுவார். மரியாதைக்காகப் போடுவார், 'படிச்ச தம்பி கேக்குது' என்று போடுவார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது நமக்கு வசதி, அவ்வளவுதான். வரிவரியாக வாசித்துக் காட்டுங்கள். 'முதலாளி இதைப் படித்தால் உங்களுக்குப் பிரச்சினை வருமா அண்ணே?' என்று நேரடியாகக் கேளுங்கள். வேலை அனுமதி அட்டை ஒரு நிறுவனத்தோடு கட்டப்பட்டிருப்பவருக்கு அந்தக் கேள்விதான் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம். தமிழ்ப் படிவத்தையும் நெறிமுறைக் குழு பார்த்து ஒப்புதல் தர வேண்டும்; நடுவில் ஒரு வரியை மாற்றினாலும் திருத்த விண்ணப்பம் போட வேண்டும்.

படி 2: உங்கள் பெயரை ஒரே வடிவில் நிறுத்துங்கள்

சின்ன வேலைதான், ஆனால் தமிழர்களை இது நிறையவே படுத்தும். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தரவுத்தளங்களோ கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொள்ளும். மாலதி என்பவரின் தந்தை பெயர் கருப்பையா என்று வைத்துக்கொள்வோம். அடையாள அட்டையில் 'மாலதி டாட்டர் ஆஃப் கருப்பையா'. பல்கலைக்கழக மின்னஞ்சலில் 'மாலதி கருப்பையா'. தமிழ்க் கூட்டங்களில் 'க. மாலதி'. மேற்கோள்களில் அவர் 'கருப்பையா' ஆகிவிடுவார். ஒரு கட்டுரை இந்தப் பெயரிலும் இன்னொன்று அந்தப் பெயரிலும் போய், இரண்டு ஆளாகவும் ஆகிவிடுவார்.

முதல் வெளியீட்டுக்கு முன்பே ஒரு வடிவத்தைத் தேர்ந்தெடுத்து விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். ஆய்வாளர்களுக்கென்று 2012இல் தொடங்கிய ஆர்கிட் அடையாள எண் இலவசம். அதில் மாற்றுப் பெயர்களுக்கும் இடம் உண்டு, தமிழ் எழுத்திலேயும் சேர்க்கலாம். ஸ்கோபஸ் மேற்கோள் தரவுத்தளத்தில் இரண்டாகப் பிரிந்த பக்கங்களை ஒன்றாக்கித் தரச் சொல்லி விண்ணப்பிக்கலாம். கல்யாணத்துக்குப் பின் பெயர் மாற்ற நினைப்பவர்களும் இதையெல்லாம் முன்கூட்டியே யோசித்துவிடுவது நல்லது.

பெயரைப் பற்றிப் பேசும்போதே ஆசிரியர் பட்டியலையும் பேசிவிடலாம். சமூக அறிவியலில் தனி ஆளாக எழுதுவது குறைந்து, குழுவாக எழுதுவது கூடிவருகிறது. இங்கே தமிழ் தெரிந்த ஆய்வு உதவியாளர்களைப் பேட்டி எடுக்கவும் எழுத்தாக்கவும் ஆங்கிலப்படுத்தவும் எடுப்பார்கள். மக்கள் என்ன சொன்னார்கள் என்பது முழுக்க அவர்கள் வழியாகத்தான் கட்டுரைக்குள் வருகிறது. கடைசியில் நன்றியுரையில் ஒரு வரி. 'கிரெடிட்' என்ற வகைப்பாட்டில் கருத்தாக்கம், தரவு சேகரிப்பு, பகுப்பாய்வு, எழுத்து என்று 14 பங்களிப்பு வகைகள் உள்ளன; பல இதழ்கள் இப்போது அதை நிரப்பச் சொல்கின்றன. வேலையில் சேரும் முதல் வாரத்திலேயே, 'எந்த அளவு வேலை செய்தால் ஆசிரியராகச் சேர்ப்பீர்கள்?' என்று பேராசிரியரிடம் கேளுங்கள். கேட்கக் கூச்சமாக இருக்கும். கட்டுரை ஏற்கப்பட்ட பிறகு கேட்பது அதைவிடச் சங்கடம்.

படி 3: முன்பதிவு தேவையா?

பரிசோதனை அல்லது கருத்தாய்வு செய்கிறீர்கள், கருதுகோளைச் சோதிக்கிறீர்கள் என்றால் தேவை. ஆய்வுத் திட்டங்களையும் கோப்புகளையும் இடும் ஓஎஸ்எஃப் தளத்தில் கருதுகோள், மாதிரி அளவு, பகுப்பாய்வுத் திட்டம் எல்லாவற்றையும் தரவு சேகரிக்கும் முன் பதிந்து வையுங்கள். விரும்பினால் குறிப்பிட்ட காலம்வரை மூடி வைக்கலாம். பொருளியல் களப் பரிசோதனைகளுக்கு அமெரிக்கப் பொருளியல் சங்கத்தின் பதிவேடு 2013 முதல் இருக்கிறது. 'பதிவுசெய்த அறிக்கை' ஏற்கும் இதழ் உங்கள் துறையில் இருந்தால் இன்னும் நல்லது: திட்டத்தையே மதிப்பாய்வு செய்து ஏற்றுக்கொள்வார்கள், முடிவு எப்படி வந்தாலும் வெளியிடுவார்கள். ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை என்ற முடிவுக்கும் இடம் கிடைக்கும் வழி அது.

இனவரைவியல், வாய்மொழி வரலாறு செய்பவர்களை இதில் தள்ளுவது எனக்கு உடன்பாடில்லை. களத்தில் கேள்வியே மாறும், மாற வேண்டும். அவர்கள் களக்குறிப்பில் எந்த நாளில் ஏன் கேள்வியை மாற்றினோம் என்று எழுதி வைத்தால் போதும்.

படி 4: முன்வெளியீடு

இதழுக்கு அனுப்பும் அதே வாரத்தில் கட்டுரையின் அந்தப் பிரதியை முன்வெளியீட்டுத் தளத்தில் இடுவதுதான் இப்போது பரவலான பழக்கம். பொருளியல், நிதி, சட்டம் என்றால் எஸ்எஸ்ஆர்என். சமூகவியல், கல்வி, நகர்ப்புற ஆய்வு என்றால் சோஷ்ஆர்க்கைவ். உளவியல் என்றால் சைஆர்க்கைவ். இங்குள்ள ஆசிய ஆய்வுக் கழகமும் கொள்கை ஆய்வுக் கழகமும் தங்கள் ஆய்வாளர்களின் பணித்தாள்களை வரிசையாக வெளியிட்டு வந்திருக்கின்றன; நீங்கள் அங்கே இருந்தால் அந்த வழியும் உண்டு.

இடுவதற்கு முன் நான்கு பேரைக் கேளுங்கள்: இணை ஆசிரியர்கள், வழிகாட்டிப் பேராசிரியர், நல்கை தருபவர், நீங்கள் குறிவைத்திருக்கும் இதழ். பெரும்பாலான பெரிய இதழ்கள் முன்வெளியீட்டை ஏற்கின்றன. ஆனாலும் இதழின் பக்கத்தில் போய்ப் படித்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

'மதிப்பாய்வாளர் என் பெயரைத் தேடிக் கண்டுபிடித்துவிடுவாரே' என்ற கவலை நியாயமானது. ஆசிரியர் பெயரை மறைத்து அனுப்பும் இதழ்களில் அது நடக்கத்தான் செய்கிறது. அமெரிக்கப் பொருளியல் சங்கம் 2011இல், தேடுபொறி வந்த பிறகு மறைத்து என்ன பயன் என்று, ஆசிரியர், மதிப்பாய்வாளர் இருவர் பெயரையும் மறைக்கும் இருபக்க மறைப்பையே கைவிட்டது. புகழ்பெற்ற பெயர் இல்லாத, பெரிய பல்கலைக்கழகத்தில் இல்லாத ஆய்வாளருக்கு அந்த மறைப்பு ஒரு பாதுகாப்பு என்பது என் கருத்து. அதனால் மறைப்பு முக்கியம் என்று படுகிறவர்கள் முன்வெளியீட்டின் தலைப்பையும் இதழுக்கு அனுப்பும் தலைப்பையும் வேறாக வைப்பது உண்டு. அல்லது ஏற்கப்பட்ட பிறகே இடுவார்கள். இரண்டிலும் தவறில்லை.

சிங்கப்பூருக்கென்று ஒரு எச்சரிக்கை. ஊர் சிறியது, செய்தியாளர்கள் கூர்மையானவர்கள். இனம், வாடகை, வெளிநாட்டு ஊழியர், பள்ளிக்கூடம் பற்றிய முன்வெளியீடு மதிப்பாய்வுக்கு முன்பே தலைப்புச் செய்தியாகிவிடலாம். முதல் பக்கத்திலேயே 'சக மதிப்பாய்வுக்கு உட்படாத வரைவு' என்று தெளிவாகப் போடுங்கள். மாதிரி எவ்வளவு பேர், யாரைப் பற்றி இந்த முடிவு பொருந்தாது என்ற இரண்டு விவரத்தைச் சுருக்கத்திலேயே வையுங்கள், கடைசிப் பத்தியில் ஒளிக்காதீர்கள். பேட்டி கொடுத்தவர்களுக்கு ஆபத்து வரக்கூடிய ஆய்வு என்றால் முன்வெளியீடே வேண்டாம். மதிப்பாய்வில் யாராவது ஒருவர் அந்த ஆபத்தைக் கண்டுபிடித்துச் சொல்லும்வரை காத்திருப்பது நல்லது.

படி 5: இதழைத் தேர்வது

தென்கிழக்காசியாவைப் பற்றி எழுதுபவர்களுக்குப் பழைய தடுமாற்றம் இது. அமெரிக்க, ஐரோப்பிய 'பொது' இதழுக்கு அனுப்பினால், சிங்கப்பூர் ஏன் முக்கியம் என்று விளக்கவே மூன்று பக்கம் போகும். யூசோஃப் இஷாக் கழகத்தின் 'சோஜர்ன்', சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக வரலாற்றுத் துறையின் 'ஜர்னல் ஆஃப் சவுத்ஈஸ்ட் ஏஷியன் ஸ்டடீஸ்', அதே பல்கலைக்கழகப் புவியியல் துறையின் 'சிங்கப்பூர் ஜர்னல் ஆஃப் டிராப்பிக்கல் ஜியாக்ரஃபி' போன்றவற்றில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) என்றால் என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. உண்மையிலேயே விஷயம் தெரிந்தவர்கள் மதிப்பாய்வு செய்வார்கள். ஆனால் பதவி உயர்வுக் குழுவின் பட்டியலில் எது எங்கே நிற்கிறது என்பது துறைக்குத் துறை மாறும். துறைத் தலைவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அவர் சொல்வதும் குழு செய்வதும் ஒன்றா என்று சமீபத்தில் பதவி உயர்ந்தவரிடம் தனியாகக் கேளுங்கள்.

வேகம் முக்கியம் என்றால், 2014இல் தொடங்கிய 'சோஷியலாஜிக்கல் சயன்ஸ்' போன்றவற்றைப் பாருங்கள். திருத்தி அனுப்பு என்று சுற்றவிடாமல் ஏற்பு அல்லது மறுப்பு என்று சீக்கிரம் சொல்லிவிடுவது அதன் கொள்கை.

அப்புறம் போலி இதழ்கள். 'மதிப்புக்குரிய டாக்டர், உங்கள் அருமையான கட்டுரையைக் கண்டோம், ஐந்து நாளில் வெளியிடுகிறோம்' என்று வரும் கடிதங்களைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. இன்றைய சிக்கல் அதைவிட நுட்பமானது: பெரிய பதிப்பகத்தின் பெயரிலேயே, விருந்தினர் ஆசிரியர்கள் நடத்தும் சிறப்பிதழ் அழைப்பு. வைலி பதிப்பகம் 2021இல் வாங்கிய ஹிந்தாவி பதிப்பகத்தின் இதழ்களில் அந்த வழியாகக் குப்பை புகுந்து, 2023இல் மட்டும் 8,000க்கும் மேற்பட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. ஹிந்தாவி என்ற பெயரையே வைலி கைவிட்டது. அதில் ஒழுங்காக எழுதி வெளியிட்டவர்களும் இருந்தார்கள். அவர்கள் கட்டுரை நின்றது, ஆனால் இதழின் பெயர் போய்விட்டது.

போலி இதழ்களைப் பற்றி ஜெஃப்ரி பீல் நடத்திய பட்டியல் 2017 ஜனவரியிலேயே நின்றுவிட்டது. அதன் பழைய நகல்களை நம்பாதீர்கள். இதழைச் சோதிக்க உதவும் 'திங்க் செக் சப்மிட்' கேள்விப் பட்டியலை ஓட்டிப் பாருங்கள், யாரும் இலவசமாகப் படிக்கும் திறந்த அணுகல் இதழ் என்றால் அத்தகைய இதழ்களுக்கான டிஓஏஜே பட்டியலில் இருக்கிறதா என்று தேடுங்கள். எல்லாவற்றையும்விட எளிய சோதனை: அந்த இதழில் சமீபத்தில் வந்த ஐந்து கட்டுரைகளை உட்கார்ந்து படியுங்கள். உங்கள் துறையில் உங்களுக்கு மதிப்புள்ள யாராவது ஒருவர் அதில் எழுதியிருக்கிறாரா?

படி 6: பணமும் ஒப்பந்தமும்

பெரிய பதிப்பகங்களின் இதழில் கட்டுரையைத் திறந்துவிடக் கேட்கும் கட்டணம் 3,000 அமெரிக்க டாலரைத் தாண்டுவது சாதாரணம். கையிலிருந்து கட்டாதீர்கள். முதலில் உங்கள் துறைக்கான நூலகருக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள்: இந்தப் பதிப்பகத்தோடு நம் பல்கலைக்கழகத்துக்குப் படிப்பதற்கும் வெளியிடுவதற்கும் சேர்த்த ஒப்பந்தம் இருக்கிறதா, இந்த ஆண்டு ஒதுக்கீடு மீதி இருக்கிறதா என்று. இருந்தால் உங்களுக்குச் செலவே இல்லை. அதைப் பெற, கட்டுரையோடு போகும் தொடர்பு ஆசிரியர் பல்கலைக்கழக முகவரியைப் போட்டிருக்க வேண்டும் என்பது வழக்கமான நிபந்தனை.

ஒப்பந்தம் இல்லையென்றால் பச்சை வழி, அதாவது கட்டணமின்றிக் களஞ்சியத்தில் ஒரு பிரதியை இடுவது. கட்டுரையின் மூன்று வடிவங்களின் வித்தியாசம் தெரிந்தால் போதும். நீங்கள் முதலில் அனுப்பியது ஒன்று. மதிப்பாய்வுக்குப் பின் திருத்தி, இதழ் ஏற்றுக்கொண்ட உங்கள் வேர்டு கோப்பு இரண்டு. பதிப்பகம் வடிவமைத்து வெளியிட்ட பிடிஎஃப் மூன்று. களஞ்சியத்தில் இடுவதற்கு இரண்டாவதைத்தான் பெரும்பாலும் அனுமதிப்பார்கள். சமூக அறிவியலில் காத்திருப்புக் காலம் 12 முதல் 24 மாதம்வரை போகும். சேஜ் போன்ற சில பதிப்பகங்கள் உடனே இட அனுமதிக்கின்றன. முன்பு ஷெர்பா ரோமியோ என்றிருந்த தளம் இப்போது 'ஓப்பன் பாலிசி ஃபைண்டர்'. இதழின் பெயரைத் தட்டினால் விதி வந்துவிடும். உங்கள் நல்கை 12 மாதம் என்று சொல்லி, இதழ் 24 மாதம் என்று சொன்னால், கட்டுரையை அனுப்பும் முன்பே ஆசிரியரிடம் பேச வேண்டும்.

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் ஸ்காலர்பேங்க், நன்யாங்கில் டிஆர்-என்டியு, சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகத்தில் இன்க் என்று ஒவ்வொன்றுக்கும் களஞ்சியம் உண்டு. ஏற்புக் கடிதம் வந்த அன்றே அந்த வேர்டு கோப்பைத் தனியாகச் சேமியுங்கள். ஓராண்டு கழித்துத் தேடினால் 'இறுதி', 'இறுதி2', 'உண்மையான இறுதி' என்று கிடக்கும் கோப்புகளில் எது ஏற்கப்பட்டது என்று யாருக்கும் தெரியாது.

ஒப்பந்தத்தில் இரண்டு இடங்களை நிதானமாகப் படியுங்கள். ஒன்று, உரிமம். திருத்தப் படைப்புகளைத் தடுக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தைப் பாதுகாப்பு என்று நினைத்துப் பலர் தேர்ந்தெடுக்கிறார்கள். அதன் கீழ் வேறு யாரும் உங்கள் கட்டுரையைத் தமிழாக்கி வெளியிட முடியாது. பதிப்பகத்துக்குப் பிரத்தியேக உரிமை கொடுத்திருந்தால் நீங்களே அனுமதி கேட்க வேண்டிவரலாம். இரண்டு, மறு உரிமம் கொடுக்கும் உரிமை. டெய்லர் அண்ட் ஃபிரான்சிஸ் பதிப்பகத்தின் தாய் நிறுவனமான இன்ஃபார்மா, தன் உள்ளடக்கத்தைச் செயற்கை நுண்ணறிவுக்குப் பயன்படுத்த மைக்ரோசாஃப்ட்டோடு ஒப்பந்தம் போட்டிருப்பதாக 2024இல் அறிவித்தபோது, எழுதிய பலர் அதைச் செய்தியில்தான் தெரிந்துகொண்டார்கள். அந்த அதிகாரத்தை அவர்களே கையெழுத்திட்டுக் கொடுத்திருந்தார்கள்.

படி 7: தரவும் நிரலும்

எண் தரவு என்றால் விஷயம் நேரானது. தரவு, நிரல், எந்த மென்பொருளின் எந்தப் பதிப்பு, எந்தக் கோப்பை முதலில் ஓட்ட வேண்டும் என்ற விளக்கக் கோப்பு, நான்கையும் ஒரே தொகுப்பாக இட்டு டிஓஐ (இணையத்தில் மாறாத அடையாள எண்) வாங்குங்கள். உங்கள் கணினியில் ஓடுகிறது என்பது போதாது. பக்கத்து மேசை நண்பரின் கணினியில் ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

பேட்டித் தரவுதான் கடினம், சிங்கப்பூர்த் தமிழர் பற்றியது என்றால் இன்னும் கடினம். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்று சொன்ன குடியிருப்பாளர்கள் 2.5 விழுக்காடு; 2010இல் அது 3.3. இவ்வளவு சிறிய கூட்டத்தில் பெயரை நீக்குவது முகமூடி ஆகாது. 'அறுபது வயது, தஞ்சாவூர்ப் பக்கம், சிராங்கூன் சாலையில் முப்பது ஆண்டாகப் பூக்கடை, மகள் ஆசிரியை' என்று எழுதினால், படிக்கிறவரில் பாதிப் பேர் 'அட, நம்ம அக்கா' என்பார்கள். தனித்தனியாகப் பார்த்தால் எந்த விவரமும் ஆளைக் காட்டாது, சேர்ந்தால் காட்டும்.

அதனால் விவரங்களை அகலப்படுத்துங்கள். வயதைப் பத்தாண்டு வரம்பாக, ஊரை மாநிலமாக, தொழிலைச் 'சிறு வணிகம்' என்று, தேதியை ஆண்டாக. தங்குவிடுதி ஊழியர் என்றால் நிறுவனத்தின் பெயரோடு விடுதியின் பெயரையும் எடுத்துவிடுங்கள், 'கட்டுமானம்' போதும். விபத்து, சம்பளப் பாக்கி போன்ற தனி நிகழ்வுகள் பேரைவிட வேகமாக ஆளைக் காட்டிக்கொடுக்கும். பேச்சு வழக்கும் அப்படித்தான். சிலர் பேசும் விதமே அடையாளம். பிறகு அந்தச் சமூகத்தை நன்றாக அறிந்த, குழுவில் ரகசியம் காக்கக் கையெழுத்திட்ட ஒருவரிடம் கொடுத்து 'இது யார் என்று தெரிகிறதா?' என்று கேளுங்கள். தெரிகிறது என்றால் இன்னும் வெட்ட வேண்டும். அதற்குப் பிறகும் முழுதாகத் திறக்காமல், கேட்டு வருபவர்களுக்கு மட்டும் என்ற கட்டுப்பாட்டோடு இடலாம். பல தரவுக் களஞ்சியங்களில் அந்த வசதி உண்டு. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2012இலிருந்தே இருக்கிறது, அதைப் படித்துவையுங்கள். ஆனால் சட்டம் கேட்பதைவிடப் பூக்கடை அக்கா கேட்பது அதிகம்.

எழுத்துப்படிகளைச் செயற்கை நுண்ணறிவு உரையாடிகளில் ஒட்டிச் சுருக்கம் கேட்காதீர்கள். பல்கலைக்கழகம் அனுமதித்த, தரவு வெளியே போகாத அமைப்பு என்றால் வேறு விஷயம். அதுவும் சம்மதப் படிவத்தில் சொல்லியிருக்க வேண்டும். எழுத உதவிக்குப் பயன்படுத்தினால் இதழுக்குச் சொல்லிவிடுங்கள். ஆசிரியர் பட்டியலில் அத்தகைய கருவி இடம்பெற முடியாது என்று, இதழ்களுக்கு வழிகாட்டும் 'கோப்' என்ற அனைத்துலக வெளியீட்டு நெறிமுறைக் குழு 2023இலேயே சொல்லிவிட்டது.

பழைய நாளிதழ்களைக் கணினி கொண்டு அலசுபவர்களுக்கு நல்ல செய்தி. 2021 நவம்பரில் நடப்புக்கு வந்த சிங்கப்பூரின் புதிய பதிப்புரிமைச் சட்டத்தில் கணினிவழித் தரவுப் பகுப்பாய்வுக்குத் தனி விலக்கு இருக்கிறது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதி அதைப் பறிக்கவும் முடியாது. ஆனால் அந்தப் படைப்பு உங்களுக்கு முறையாகக் கிடைத்ததாக இருக்க வேண்டும். பகுப்பாய்வைச் சரிபார்ப்பவருக்கும் கூட்டு ஆய்வாளருக்கும் நகல் தரலாம், ஊருக்கெல்லாம் தர முடியாது. ஆகவே தரவுத் தொகுப்பில் செய்திகளின் முழு உரையை வைக்காமல், சொல் எண்ணிக்கைகள், செய்தியின் தேதி, பக்க எண், நிரல் ஆகியவற்றை வையுங்கள்.

படி 8: தமிழில்

பேட்டி தமிழில் நடந்தது. கட்டுரை ஆங்கிலத்தில் வந்தது. சொன்னவர்களுக்கு அது போய்ச் சேரவில்லை. இதை இரண்டாம்பட்ச வேலையாக நினைப்பதால்தான் எப்போதும் நடக்காமல் போகிறது. நல்கை விண்ணப்பத்திலேயே ஒரு செலவு வரியாகப் போட்டுவிடுங்கள்.

எளிதானதிலிருந்து தொடங்கலாம். ஒரு பக்கத் தமிழ்ச் சுருக்கம் எழுதி, ஓஎஸ்எஃப் அல்லது ஸெனோடோ என்ற இலவசக் களஞ்சியத்தில் இட்டு, டிஓஐ வாங்கி, ஆங்கிலக் கட்டுரையின் பதிவோடு இணைத்துவிடுங்கள். யூனிகோடு எழுத்துருவில் இருக்கட்டும், பழைய எழுத்துருவில் செய்த பிடிஎஃப்பைத் தேடுபொறி படிக்காது. அதே பக்கத்தை, விரும்பிக் கேட்டவர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். படிப்பதைவிடக் கேட்பதை விரும்புகிறவர்களுக்கு ஐந்து நிமிடக் குரல் பதிவு போதும்.

அடுத்து நாளிதழ். தமிழ் முரசுக்கு எழுதும்போது ஆய்வுக் கட்டுரையைச் சுருக்க முயலாதீர்கள். ஒரே ஒரு கண்டுபிடிப்பு, அது யாருக்கு என்ன மாற்றும் என்பது, அவ்வளவுதான். முன்னுரையில் கோட்பாடு வந்தால் வாசகர் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்.

முழுக் கட்டுரையையும் தமிழில் கொண்டுவர வேண்டுமென்றால் உரிமம் குறுக்கே வரும். மூன்று வழி: ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் 'தமிழாக்க உரிமை ஆசிரியருக்கே' என்று ஒரு வரி சேர்க்கக் கேட்பது, மொழிபெயர்ப்பை அனுமதிக்கும் உரிமத்தில் வெளியிடுவது, அல்லது மொழிபெயர்க்காமல் அதே தரவை வைத்துத் தமிழில் புதிதாக எழுதுவது. மூன்றாவதுதான் பெரும்பாலும் நன்றாக வருகிறது. தமிழ் வாசகருக்கு விளக்க வேண்டியது வேறு, விளக்கத் தேவையில்லாதது வேறு. முந்தைய வெளியீட்டை மட்டும் வெளிப்படையாகக் குறிப்பிடுங்கள். சிறு நூலாக இங்கே அச்சிட்டால் தேசிய நூலக வாரியத்துக்கு இரண்டு பிரதி கொடுப்பது சட்டப்படி கடமை. அலுப்பாக எண்ண வேண்டாம், நாளை ஒரு ஆய்வாளர் உங்களைக் கண்டுபிடிக்கப்போவது அங்கேதான்.

படி 9: மதிப்பீட்டுப் படிவத்தில் எப்படிக் காட்டுவது

பழக்கம் மாறிய வேகத்தில் மதிப்பீடு மாறவில்லை. இதழின் தாக்கக் குறியீட்டை (மேற்கோள் எண்ணிக்கையை வைத்துக் கணக்கிடுவது) வைத்து ஆளை எடை போடாதீர்கள் என்று சொல்லும் சான் ஃபிரான்சிஸ்கோ அறிக்கை 2013இல் வெளிவந்தது. ஆனாலும் குழு உட்காரும்போது முதலில் பார்ப்பது இதழின் பெயரைத்தான். இதில் உங்களை ஏமாற்ற விரும்பவில்லை: நிரந்தரப் பணிக்கு முயல்பவர் தரவுத் தொகுப்பையும் தமிழ்ச் சுருக்கத்தையும் மட்டும் நம்பி இருக்க முடியாது. அவற்றை இதழ்க் கட்டுரையோடு சேர்த்துத்தான் செய்ய வேண்டியிருக்கும்.

தன்விவரக் குறிப்பில் மதிப்பாய்வு பெற்றவை, முன்வெளியீடுகள், தரவுத் தொகுப்புகள், பொதுமக்களுக்கான எழுத்து என்று தனித்தனித் தலைப்பு வையுங்கள். முன்வெளியீட்டை மதிப்பாய்வுக் கட்டுரைகளோடு கலக்கவே கூடாது. ஒரு முறை கலந்தது தெரிந்தால் மற்ற எல்லாவற்றையும் சந்தேகிப்பார்கள். ஏற்கப்பட்டதும் முன்வெளியீட்டுப் பக்கத்தில் வெளியான கட்டுரையின் டிஓஐயை இணைத்து, பட்டியலிலிருந்து பழைய வரியை எடுத்துவிடுங்கள். தரவுத் தொகுப்பை யாராவது பயன்படுத்தி எழுதியிருந்தால் அந்தக் கட்டுரையையும் அடியில் குறிப்பிடுங்கள். தமிழ் வெளியீடுகளுக்குத் தலைப்பைத் தமிழிலும் ஆங்கில எழுத்திலும் எழுதி, யார் படிக்கிறார்கள், எந்த அமைப்பு அதைப் பயன்படுத்தியது என்று ஒரு வரி சேருங்கள். குழுவில் தமிழ் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லாமல் போகலாம். அந்த ஒரு வரிதான் அவர்கள் கையில் இருக்கும்.